ஒத்த இரண்டில் ஒன்று

வீட்டுச் சுவருக்கு ஐவரியா கிரீமா என்று முடிவெடுக்க இயலாத திணறல், வேறுபாடற்ற இரண்டில் ஒன்றைத் தேரக் காரணம் வேண்டுமா என்னும் பழைய இறையியல் வினாவின் வீட்டு வடிவமே ஆகும்.

எல்லாக் கணங்களும் ஒத்தவையெனில் உலகைப் படைக்க இறைவன் ஒரு கணத்தை மட்டும் ஏன் தேர்ந்தான் என வினவிய தத்துவவாதிகளுக்கு, 1095இல் முடித்த ‘தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா’ என்னும் நூலில் இஸ்லாமிய இறையியலாளர் இமாம் கஸ்ஸாலி, ‘இராதா’, அதாவது நாட்டம், ஒத்தவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுப்பதையே தன் இயல்பாகக் கொண்டது என விடையிறுத்து, ஒன்றை மட்டுமே எடுக்க இயன்றவன் முன் இருக்கும் ஒரேமாதிரியான இரு பேரீச்சம்பழங்களைச் சான்று காட்டினார். 1198இல் மறைந்த தத்துவவாதி இப்னு ருஷ்து இதனை மறுத்து, அவன் ஒரு பழத்தை விட்டு மற்றொன்றைத் தேர்வதில்லை, உண்ணாமையை விட்டு உண்பதையே தேர்கிறான் என்றார்.

மனிதத் தேர்வைப் பொறுத்தவரை இப்னு ருஷ்தின் வாதமே வலுவானது. எனினும் சாயங்கள் பழங்களைப் போல் முற்றிலும் ஒத்தவை அல்ல. டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளையில் மஞ்சள் ஆக்சைடு சிறிது கூடினாலும் குறைந்தாலும் சாயல் மாறுகிறது. பகலொளியில் பிரிந்து தெரியும் இரு பூச்சுகள், மஞ்சள் நிற எல்இடி விளக்கின் கீழ் ஒன்றாகவே தோன்றக்கூடும். ஆகவே ஒப்புமை என்பது பல வேளைகளில் பொருளின் தன்மையன்று, பார்வையின் எல்லையே.

இரு சாயங்களையும் சுவரில் அருகருகே பூசிப் பகலிலும் இரவிலும் பார்த்த பின்னரும் வேறுபாடு புலப்படாதாயின், மேலும் காரணம் தேடாமல் ஏதேனும் ஒன்றைப் பூசிவிடுவதே முறை.