புரியாமை யாருடையது?

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், நாயை மாடத்திலிருந்து எறியாதே என்று அவ்வப்போது சொல்லிக்கொள்வான். சுற்றிலும் நாயும் இருக்காது, மாடமும் இருக்காது. ஆட்டிசத்தை 1943இல் 11 குழந்தைகளின் வழியே மருத்துவ உலகுக்கு விவரித்த லியோ கானர், 1946இல் எழுதிய கட்டுரையில் இவனைக் குறிப்பிடுகிறார். முன்பு ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது அவன் தன் பொம்மை நாயைக் கீழே போட்டிருக்கிறான். எடுத்து எடுத்துச் சலித்துப்போன தாய் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அன்றுமுதல் எதையாவது வீசத் தோன்றும்போதெல்லாம் அவன் அந்தச் சொற்களைச் சொல்லித் தன்னைத் தடுத்துக்கொண்டான். பெரியவர்களுக்கே அரிதாக வாய்க்கும் தன்னடக்கம், கேட்டவர் காதில் பிதற்றலாக விழுந்தது.

பொருள் அவனிடம் முழுமையாகவே இருந்தது. அந்தப் பொருள் பிறந்த கணத்தை அறியாதவர்கள் நாம்தான்.

இவ்வளவு கூர்ந்து கேட்ட கானரே பெற்றோரின் உணர்ச்சி வறட்சியைப் பற்றியும் எழுதிவைத்தார். அது வளர்ந்து, தாயின் பாசமின்மைதான் குழந்தையை இப்படி ஆக்கியது என்ற பழியாக முற்றியது. 1967இல் புரூனோ பெட்டல்ஹெய்மின் நூல் அதை ஊரறியச் செய்தது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த தாய்மார்கள் குற்றவாளிகளாகவும் நிற்க நேர்ந்தது. அந்தப் பழியை எதிர்த்து 1964இலேயே எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசமுள்ள மகனின் தந்தை. ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்த நிலையன்று, விரிந்த பல நிலைகளைக் கொண்டது என்று நிறுவிய லோர்னா விங், ஆட்டிசமுள்ள மகளின் தாய். உண்மையை முதலில் கண்டவர்களில் பலர் அந்தக் குழந்தைகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அறிவியல் கைவிட்ட அந்தப் பழியை நாம் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. அத்தனை கண்களும் தாயின் பக்கம் திரும்புகின்றன. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்கிறார் ஒருவர், போனைக் கொடுத்துப் பழக்கியதால் வந்த வினை என்கிறார் இன்னொருவர். நமக்கு மங்கலமாகக் கேட்கும் அந்த ஓசை அக்குழந்தையின் செவியில் உண்மையாகவே வலியாக இறங்கக்கூடும் என்று நினைத்துப் பார்ப்பவர் அரிது.

பிறர் மனத்தை உணரும் திறன் இக்குழந்தைகளிடம் குறைவு என்பதே நெடுங்காலம் பாடமாக இருந்தது. தாமே ஆட்டிசமுள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012இல் அந்தப் பாடத்தைத் திருப்பிக் கேட்டார்: அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் திணறுவது போலவே நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் திணறுகிறோமே, அதை ஏன் யாரும் குறையாக எழுதுவதில்லை? இந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டால், புரிதல் என்பது ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாமல்போகும் உடைமையன்று, இரண்டு மனங்களுக்கு இடையே மட்டுமே நிகழக்கூடியது என்பதையும், அது நிகழாதபோது எண்ணிக்கையில் பெரியவர்கள் தம் பங்கை மறந்து முழுப் பொறுப்பையும் சிறியவர் தலையில் ஏற்றிவிட்டு அதற்கு நோய் என்றும் பிடிவாதம் என்றும் பெயரிட்டுவிடுகிறார்கள் என்பதையும், நம் அன்றாடத் தீர்ப்புகள் பலவற்றின் வேர் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லும்போது துன்பத்தை அழகாக்கிவிடக் கூடாது. வாழ்நாள் முழுவதும் பேசாத பிள்ளைகள் உண்டு. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளைகள், இரவில் உறங்காத பிள்ளைகள் உண்டு. அந்த வீடுகளில் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் மூச்சுக்காற்றைப் போல் தேவை. தத்துவம் அவற்றுக்கு ஈடாகாது. அந்தப் பெற்றோர் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று இருக்கிறது: எங்களுக்குப் பிறகு யார்?

பணத்தைப் பற்றியோ இருப்பிடத்தைப் பற்றியோ மட்டும் எழுகிற கேள்வி அன்று இது. எந்த முனகல் பசி, எந்த முனகல் பயம், எந்தக் கையசைவு மகிழ்ச்சி என்பதை எல்லாம் அறிந்தவர் பெரும்பாலும் ஒரே ஒரு மனிதர். அவர் போய்விட்டால் பிள்ளை சோறும் கூரையும் இருந்தும் பேச்சற்றவனாகிவிடுகிறான். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், பதினெட்டு வயது கடந்த இவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க வழி செய்திருக்கிறது. ஆனால் நியமன ஆணையோடு அந்த முனகல்களின் பொருளும் கைமாறிவிடுவதில்லை. அதைப் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே சித்தி வீட்டாரும், வகுப்பாசிரியரும், எதிர்வீட்டுக்காரரும், அவன் தினமும் போய் நிற்கிற கடைக்காரரும் அவர்களோடு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.