வரிசையை விட்டு ஓர் அடி

மனிதன் சுபாவத்திலேயே கொலைகாரனா, அல்லது யுத்தம்தான் அவனைப் பழக்குகிறதா? இரண்டு பதில்களுமே நமக்கு வசதியானவை என்று எனக்குப் படுகிறது. சுபாவம் என்றால் பழி ரத்தத்தின் மேல்; பயிற்சி என்றால் ராணுவத்தின் மேல். என் மேல் எதுவும் இல்லை.

பயிற்சிக் கட்சிக்கு ஒரு பிரபலமான சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரில் சண்டைமுனையில் நின்ற அமெரிக்கச் சிப்பாய்களில் நூற்றுக்கு 15 முதல் 25 பேர்தான் எதிரியை நோக்கிச் சுட்டார்கள் என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் எழுதினார். கொல்ல மனம் வராத மனிதனை அதில் கண்டு ஆறுதல் கொண்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கணக்குக்கு ஆதாரம் இல்லை என்று 1988இல் ரோஜர் ஸ்பில்லர் வாதிட்டார். ஆறுதல் போயிற்று.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது வேறொரு சம்பவம். 1942 ஜூலை 13, போலந்தில் யூஸெஃபூவ் என்ற ஊர். ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் படை 101. சுமார் 500 பேர். பெரும்பாலோர் ஹாம்பர்க்கைச் சேர்ந்த நடுவயதுக்காரர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். கொலைக்கென்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்ல. ஊரிலுள்ள யூதப் பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் சுட வேண்டும் என்று தளபதி டிராப் கலங்கிய கண்களோடு சொன்னார். வயதானவர்களில் முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். விலகியவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான். அன்று இரவுக்குள் சுமார் 1500 பேர் செத்தார்கள்.

கிறிஸ்டோபர் பிரௌனிங் 1992இல் வெளியிட்ட நூலில் இதைப் படித்தேன். பல வருஷ யூத வெறுப்புப் பிரசாரமே ஒரு பயிற்சிதானே என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் விலகியவர்களும் அதே பிரசாரத்தைக் கேட்டவர்கள்தான். மற்றவர்களைத் தடுத்தது தண்டனைப் பயமும் அல்ல, அனுமதிதான் கிடைத்துவிட்டதே. பக்கத்தில் நிற்பவனின் பார்வை தடுத்தது. கோழை என்று நினைப்பானே, தன் பங்கு அழுக்கையும் அவன் தலையில் கட்டுகிறோமே என்ற கூச்சம். விலகியவர்களில் பலரும்கூட இது தப்பு என்று சொல்லவில்லை. தங்களுக்கு மனபலம் போதாது என்றார்கள்.

இந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் ஒருநாள் இரவு, கைக்கடிகாரம் திருடியதாகச் சமையல்கட்டுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். ஆளுக்கு ஓர் அடி. எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. அடிக்க யாரும் கற்றுத்தரவும் இல்லை. என் முறை வந்தது, அடித்தேன். மெதுவாகத்தான் அடித்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் அறையும் ஒரு படுகொலையும் ஒன்றல்ல. ஆனால் கையை ஓங்கவைத்தது அதே வரிசைதான்.

யூஸெஃபூவில் இன்னொன்றும் நடந்தது. முதலில் ஒரே ஒருவன்தான் முன்வந்தான். அவனுடைய அதிகாரி அவன்மேல் பாய்ந்தார். டிராப் அவரை அடக்கினார். அதன்பிறகே மற்றவர்கள் வந்தார்கள். ஆக, கொல்வதைப் போலவே கொல்ல மறுப்பதையும் பக்கத்தில் நிற்பவனிடமிருந்துதான் கற்கிறோம் போலிருக்கிறது. அந்த முதல் ஆள் யாரைப் பார்த்துக் கற்றான் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று விடுதியில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அடித்தார்கள். எனக்குப் பின்னாலும் சிலர் நின்றார்கள்.