ஆயுதமும் திரையும்

பொலிஸ் உத்தியோகத்தர் எந்த வகைத் துப்பாக்கியை ஏந்துகிறார், அதைக் கையாள அவருக்கு என்ன பயிற்சி கொடுக்கப்பட்டது, எந்த விதியின் கீழ் அவர் அதைச் சுடலாம் என்பவற்றைக் குடிமக்கள் அறியலாமா என்னும் வினா, நிர்வாகச் சட்டத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், அதன் அடியில் அறவியலும் சமயமும் சார்ந்த பழைய வினா ஒன்று கிடக்கிறது. கொல்லும் வல்லமையைக் கையில் வைத்திருப்பவர், அந்த வல்லமைக்கு ஆட்படக்கூடியவர்களிடமிருந்து எதை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது என்பதே அது. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட ஊவா மாகாணத்தில் இவ்வினா ஏட்டளவில் நின்றதில்லை. தேயிலைத் தோட்டங்களின் தொழிற்சங்க வரலாறும் பண்டாரவளைக்கு அருகே நிகழ்ந்த ஒரு படுகொலையும் அதை மக்களின் வாழ்வுக்குள் கொண்டுவந்து வைத்தன.

மறைத்தலைப் பற்றியும் காட்டுதலைப் பற்றியும் இந்த மாகாணத்தின் வழிபாட்டு மரபுகள் வெவ்வேறு முறைகளில் பேசுகின்றன. கதிர்காமத்துக் கருவறையில் முருகனின் உருவம் எழுதிய திரையே அடியவருக்குக் காட்சி. அதற்கு அப்பால் இருப்பதை அவர்கள் காண்பதில்லை, விழாக்காலத்தில் யானைமீது எடுத்துச் செல்லப்படுவதும் மூடிய பேழையே. தோட்டப்புறங்களில் லயங்களுக்கு அப்பால் மரத்தடியில் நிற்கும் முனியாண்டியின் அரிவாளோ சூலமோ வெட்டவெளியில், காலையில் வேலைக்கு ஆள்சேர்க்கும் பெரட்டுக்குப் போகிறவர் எவரும் காணும்படி நடப்பட்டிருக்கிறது. கண்டிக்கும் வல்லமை உடைய காவல் தெய்வத்தின் கருவி ஊரார் கண்முன் நிற்பதும், கண்டிப்பதற்கு அப்பாற்பட்டதாகக் கருதப்படும் பரம்பொருள் திரைக்குப் பின்னால் இருப்பதும் தற்செயலாக இருக்கலாம். எனினும் அரசைப் பற்றிச் சிந்திக்க இந்த வேறுபாடு உதவுகிறது. கதிர்காமத்துத் திரை எவரையும் அச்சுறுத்துவதில்லை, அதன் முன் நிற்பவர் தாமாக விரும்பி வந்தவர். பொலிஸ் துப்பாக்கியின் முன் நிற்பவர் அப்படி வந்தவர் அல்லர்.

தமிழ் அறநூல் மரபு இவ்விடத்தில் எளிதான விடையைத் தருவதில்லை. திருக்குறள் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்னும் 55, 56, 57ஆம் அதிகாரங்களில், குடிகள் அஞ்சி நடுங்கும்படி ஆளாமை அரசனுக்கு அறம் என்று வலியுறுத்துகிறது; அடுத்துச் சில அதிகாரங்களிலேயே, ஒற்றாடல் என்னும் 59ஆம் அதிகாரத்தில், ஒற்றனைப் பலரறியச் சிறப்பிக்கலாகாது, சிறப்பித்தால் மறைபொருள் வெளிப்பட்டுவிடும் என்றும் எச்சரிக்கிறது. அரசுக்கு இரகசியமே கூடாது என்று வள்ளுவரைச் சான்று காட்டி வாதிட இயலாது. ஆனால் அவர் மறைக்கச் சொல்வது அரசனின் கண்ணாகிய ஒற்றனை. அவனுடைய கோல் எல்லாருக்கும் தெரிய நிமிர்ந்து நிற்க வேண்டியது. செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், 1795இல் வெளிவந்த நிரந்தர சமாதானம் பற்றிய தம் கட்டுரையில் இதே எல்லையை வேறொரு வழியில் வகுத்தார். பிறருடைய உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படை விதி வெளியே சொல்ல இயலாததாக இருந்தால் அச்செயல் நீதியற்றது என்பது அவர் கொள்கை. வெளியே சொல்லிவிட்டால் மட்டும் செயல் நீதியாகிவிடாது என்பதையும் அவர் கண்டிருந்தார், ஏனெனில் எதிர்ப்பாரற்ற வலிமை உடையவருக்கு எதையும் ஒளிக்க வேண்டிய தேவை இல்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நாடாளுமன்றத்தில் பகிரங்கமாகவே நிறைவேறியது என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கருத்தின் கனம் விளங்கும்.

தோட்டத் தொழிலாளருக்கும் பொலிஸ் துப்பாக்கிக்கும் உள்ள உறவு 1940இல் வெளிப்படையான மோதலாக மாறியது. அந்த ஆண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. சில மாதங்களில் வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவியபோது, பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்துகொண்டதாகவும், ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழுவை அவர்களே நிராயுதபாணியாக்கியதாகவும் லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாற்றுப் பதிவுகள் கூறுகின்றன. கட்சி எழுதிய வரலாறு என்பதால் அதைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். எனினும் அன்றைய தோட்டமக்கள் அந்தத் துப்பாக்கியைப் பொதுக்காவலின் கருவியாகப் பார்க்கவில்லை, தோட்டத்தை ஆண்ட துரையின் கையில் இருந்த மற்றொரு கருவியாகவே பார்த்தார்கள் என்பதை அது உணர்த்துகிறது. எவர் கட்டளைக்கு, எந்த விதிப்படி அது சுடும் என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகேயுள்ள பிந்துனுவெவவில் நிகழ்ந்தது இவ்வினாவைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள், அதாவது விடுதலைப் புலிகளோடு தொடர்புடையவர்கள் என்ற ஐயத்தில் பிடிக்கப்பட்டவர்களும் தாமாகச் சரணடைந்தவர்களும் தண்டனைக்காக அன்றி மறுவாழ்வுக்காகத் தங்கவைக்கப்பட்ட இடத்துக்குள், பெருங்கூட்டம் ஒன்று கத்திகளோடும் பொல்லுகளோடும் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. ஏறத்தாழ அறுபது பொலிஸார் ஆயுதங்களோடு அங்கே நின்றிருந்தார்கள். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தை 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அவர்களுக்கு வழங்கியிருந்தும், கொலைகளை அவர்கள் தடுக்கவில்லை. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அதைக் கடுமையான கடமைத் தவறு என்று கண்டது. நீதியரசர் பி. எச். கே. குலதிலக்க தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது, ஆனால் அதன் அறிக்கை உரிய காலத்தில் பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. 2003இல் மேல் நீதிமன்றம் பொலிஸார் இருவர் உள்ளிட்ட ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்துவிட்டது.

துப்பாக்கி பற்றிய வெளிப்படைத்தன்மை என்றவுடன் சுடப்பட்ட ரவைகளின் கணக்கே மனத்தில் எழுகிறது. பிந்துனுவெவவில் அந்தக் கணக்கு உண்மையைச் சொல்லாது, ஏனெனில் அங்கே விளக்கம் கேட்க வேண்டியது கொலையாளிகளை நோக்கிச் சுடப்படாமல் இருந்த துப்பாக்கியிடம். அகிம்சையை உயர்ந்த அறமாகக் கொள்ளும் சமயங்களுக்கு இது சங்கடமான இடம். கோலும் ஆயுதமும் இன்றி அறத்தால் ஆளும் சக்கரவர்த்தியைப் பௌத்த நூல்கள் இலட்சிய அரசனாகப் போற்றுகின்றன; அந்த இலட்சியத்தைப் போற்றும் நாட்டிலேயே, ஆயுதம் தாங்கியவர்கள் அதைப் பயன்படுத்தாமல் நின்றது அகிம்சையாக அன்றி உடந்தையாகத் தோன்றியது. பிறருக்காக ஆயுதம் ஏந்துபவர் ஒரு நோன்பை ஏற்கிறார் என்று கொள்வதே இந்தச் சிக்கலிலிருந்து வெளிவரும் வழியாகத் தோன்றுகிறது. அந்த நோன்புக்கு அடக்கம் ஒரு பாதி, அடைக்கலமாக வந்தவரைக் காத்தல் மறுபாதி. இவற்றுள் எது எப்போது கடமையாகும் என்பதைக் கற்பிப்பதே பயிற்சி. குறிபார்த்துச் சுடக் கற்பிப்பது அதில் மிகச் சிறிய பகுதி. 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு துப்பாக்கிப் பயன்பாடு பற்றி ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகளும், சிறப்புப் பயிற்சியை முடித்தவருக்கே துப்பாக்கி ஏந்த அனுமதி தரவேண்டும் என்றும், துப்பாக்கிகளும் ரவைகளும் எவர் பொறுப்பில் கொடுக்கப்படுகின்றன என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும் என்றும் கோருகின்றன.

பயிற்சியையும் ஆயுதங்களையும் பற்றிய விவரங்களை வெளியிட்டால் குற்றவாளிகளுக்கே ஆதாயம் என்பது பொலிஸ் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. அதில் ஓரளவு உண்மை உண்டு. இன்றிரவு ரோந்து எந்த வழியில் போகும், ஆயுதக் களஞ்சியத்தின் திறப்பு எவரிடம் இருக்கிறது, தகவல் தந்தவர் யார் என்பவை ஒற்றாடலின் பாற்பட்டவை, அவற்றை மறைப்பது நியாயம். எத்தனை உத்தியோகத்தர் பயிற்சி பெற்றனர், கடைசியாக எப்போது பெற்றனர், கூட்டத்தின் முன் எந்தப் படிமுறையில் நடக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது, சுட்ட பின்னர் எவரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும் என்பவற்றை அறிவதால் எந்தக் கொள்ளையனுக்கும் பயன் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஏறக்குறைய இதே பிரிவினையைச் செய்கிறது. தேசிய பாதுகாப்பு, குற்றத்தடுப்பு ஆகியவற்றின் பொருட்டுத் தகவலை மறுக்க இடம் தந்து, பொதுநலன் அதனினும் மேலோங்கும்போது அதை வெளியிட வேண்டும் என்றும் விதிக்கிறது. விண்ணப்பிப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஊவாவின் தோட்டங்களில் இந்தச் சட்டத்துக்கு முன் நிற்கும் தடை பெரும்பாலும் சட்டப்பிரிவு அன்று. பொலிஸ் நிலையத்துக்குத் தமிழில் ஒரு வினாவை எழுதி, தமிழில் விடை பெறும் உரிமையை அரசியலமைப்பு ஏற்றிருக்கிறது. ஆனால் தொழிலாளிக்கு நிலையத்தின் வாசலே அச்சத்துக்குரிய இடமாக இருக்கும்போது, எழுதிக் கேட்கும் துணிவைச் சட்டம் தானாகத் தந்துவிடாது. ஆகவே கேட்டால் மட்டும் கொடுக்கப்படும் தகவலைவிட, கேளாமலே ஆண்டுதோறும் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் ஒட்டப்படும் தகவலே இம்மக்களைச் சென்றடையும். உத்தியோகத்தரின் பெயர்கள் அதில் இருக்க வேண்டியதில்லை. பயிற்சியும் கட்டளை விதிகளும், ஆயுதம் எடுக்கப்பட்ட நிகழ்வுகளும், எடுக்கப்பட வேண்டிய வேளையில் எடுக்கப்படாத நிகழ்வுகளும் இருந்தால் போதும். இவற்றுள் கடைசியானதை எந்த நிலையமும் தன் கைப்பட எழுதப்போவதில்லை என்பதால், அதை எழுதும் பொறுப்பு நிலையத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பிடமே இருக்க முடியும்.