ஓரிரவின் அயலார்

பொருள் குறைந்தோர் ஊர் காணப் புறப்படுதல் இயலுமா? 1909ஆம் ஆண்டில் செருமானிய ஆசிரியர் ரிச்சர்டு சிர்மன், மாணவரோடு நடைப்பயணம் சென்றபோது இடிமழையில் சிக்கி, ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழித்தார். இளைஞர் விடுதி என்னும் எண்ணத்திற்கு அவ்விரவே வித்தாயிற்று. 1912இல் ஆல்டெனாக் கோட்டையில் அத்தகைய விடுதி திறக்கப்பெற்றது. சத்திரமும் தரும சாலையும் கண்ட நம் நாட்டினர்க்கு இக்கருத்துப் புதிதன்று.

பணியின் பொருட்டு வடபுலத்தில் வாழும் நம்மில் பலர், விடுமுறையில் குடும்பத்தோடு இவ்விடுதிகளையே நாடுகிறோம். வாடகை குறைவு, புதியவர் நட்பும் வாய்க்கும். ஆயின் குறட்டையும், அணையாத விளக்கும், குளியலறை முன் வரிசையும் உடன்வரும். பிறர் தரும் இன்னல் நமக்குத் தெரிகிறது. நாம் தருவது தெரிவதில்லை.

அரித்துவாரத்து விடுதியொன்றின் பொதுக்கூடத்தில், அடுத்த கட்டிலில் இருந்த முதியவர் இரவெல்லாம் இருமினார். யாம் காவலரிடம் முறையிட்டோம். முதியவர் ஒன்றும் கூறாது படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்திற்குச் சென்றார். மார்கழிக் குளிர்! விடியலில் எம் குழந்தை பசித்து அழுதபோது, பால்மாவு கரைக்க வெந்நீர் கொணர்ந்தவரும் அவரே.

ஒரே கட்டணம் செலுத்திய இருவருள் உறக்கத்திற்கு உரியவர் யார்? விதிப்படி யாம் பிழை செய்யவில்லை. எனினும் அவ்வுறக்கம் எமக்கு உரியதன்று என்று நெஞ்சம் இன்றும் உரைக்கிறது. கைம்மாறு கருத இயலாத இடத்தில் காட்டும் பரிவன்றோ அறம்! இனி இருமல் கேட்டால், முறையிடுமுன் ஒரு குவளை வெந்நீர் கொடுப்போம்.