சிங்கப்பூர்க்காரர் பங்கு

ஊர்க்கூட்டத்தில் திருவிழாச் செலவைப் பேசும்போது, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முதலில் முடிவாகும். அடுத்த கேள்வி, "சிங்கப்பூர்க்காரங்க பங்கு எவ்வளவு?" மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றில் இது எழுதி வைக்காத சட்டம். உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு தொகை என்றால், கடல் தாண்டியவருக்கு அதைப்போலச் சில மடங்கு. கும்பாபிஷேகம் என்றால் இன்னும் ஏறும்.

அந்தப் பங்கு திரளும் இடம் சிங்கப்பூரின் தேக்கா. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் ரேஸ்கோர்ஸ் சாலையோரத் திடல்களிலும் கூடுகிறவர்கள் ஊர் ஊராகத்தான் உட்காருகிறார்கள். நாட்டு நடப்பு பேசி முடிந்ததும் வசூல் பேச்சு தொடங்கும். வாட்ஸ்அப் குழுவில் பெயரும் தொகையுமாகப் பட்டியல் ஓடும். தொகை எழுதாத பெயர் தனியாகத் தெரியும். முன்பெல்லாம் "சம்பளம் வந்ததும் அனுப்புறேன்" என்று நாள் கடத்தலாம். 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ் இந்தியாவின் யு.பி.ஐ.யோடு இணைக்கப்பட்டது. நினைத்த நிமிடத்தில் பணம் ஊர்ப் பொருளாளரின் கைப்பேசிக்குப் போய்விடும். அந்தச் சாக்கும் போயிற்று.

இப்படிப் போகும் பணத்தை நாம் கொடை என்கிறோம். வேண்டாம் என்று சொல்ல முடியாதபோது கொடுப்பது கொடைதானா?

கொடுப்பவரின் கணக்கைப் பார்த்தால் சங்கடம் கூடுகிறது. சிங்கப்பூரில் உள்ள முகவர் ஒரு தொழிலாளியிடம் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் கட்டணமாக வாங்கலாம் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அச்சட்டத்தின் கை இந்தியாவில் இருக்கும் ஏஜென்டை எட்டுவதில்லை. டெஸ்ட் அடிக்க, அதாவது வேலைக்கான திறன் தேர்வில் தேற, பயிற்சி நிலையத்துக்குக் காசு, வேலை வாங்கித் தர ஏஜென்டுக்குக் காசு என்று, விமானம் ஏறுமுன்பே கடன் லட்சங்களில் நிற்கும். நகை அடகுக்குப் போயிருக்கும், நிலம் ஒத்திக்குப் போயிருக்கும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் அடிப்படைச் சம்பளம் சொற்பம், ஓ.டி. பார்த்தால்தான் கையில் நிற்கும். முதல் ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி கடனுக்கே போகிறது. நடுவில் கம்பெனி வேலை பெர்மிட்டை ரத்து செய்தால் ஆள் திரும்பி வந்துவிடுவார், கடன் போகாது. அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் ஊர், "வெளிநாட்டில் இருக்கிற ஆள்" என்று கூடுதலாகக் கேட்கிறது.

"இவன் ஏன் இதற்கெல்லாம் கொடுக்கிறான்? கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பதற்குப் பதில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று படித்தவர்கள் எளிதாகக் கேட்டுவிடுவார்கள். அதில் பாதிதான் நியாயம். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஊரில் இல்லாதவருக்கு ஊரில் தன் இடம் என்ன என்ற அச்சம் இருக்கும். அவர் இல்லாத நாளில் வீட்டில் சாவு விழுந்தால் முன்னின்று செய்ய ஊர்தான் வரவேண்டும். கோயில் சுவரில் பதிக்கும் பளிங்குக் கல்வெட்டில் 'சிங்கப்பூர்' என்ற முன்னொட்டோடு ஏறும் பெயர், நான் இன்னும் இந்த ஊர்க்காரன்தான் என்று சொல்லும் சாசனம். சிங்கப்பூரில் அவருக்கு வாக்கில்லை. பெர்மிட் முடிந்தால் அங்கே தங்கவும் முடியாது. உரிமை கோர ஊர் ஒன்றுதான் மிச்சம். ஆகவே அவர் ஏமாளி இல்லை. தெரிந்தேதான் கொடுக்கிறார். ஆனாலும் சொந்த ஊரில் இடம் பெற விலை கேட்பது ஊருக்கு அழகில்லை.

வெளிநாட்டில் சம்பாதித்து ஊருக்குக் கொண்டுவந்த பழைய மரபு ஒன்று இங்கே ஒப்பிடத்தக்கது. நகரத்தார் தங்கள் பொதுக்காரியங்களுக்குப் புள்ளிவரி போட்டார்கள். அது குடும்பத்தின் மேல் விழுவது. அதற்கு மேல் மகமை என்று ஒன்று எடுத்தார்கள். அது நடக்கும் வணிகத்தில் ஒரு சிறு விகிதம். தொழில் பெருத்தால் மகமை பெருக்கும், படுத்தால் தானே குறையும். 1859-ல் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பிய சமூகத்துக்கு, கொடைக்கும் வசதிக்கும் உள்ள உறவு கணக்குப் புத்தகத்திலேயே தெரிந்திருந்தது. மலாயாவிலும் தொழில் நடத்திய அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அது மிகுதியிலிருந்து வந்த கொடை. இன்றைய சிங்கப்பூர்க்காரர் பங்கு வருமானத்தைப் பார்த்து விழுவதில்லை. கடவுச்சீட்டில் விழுந்த முத்திரையைப் பார்த்து விழுகிறது. கடனில் இருக்கும் கம்பி கட்டுபவரும், கடனை அடைத்து மாடிவீடு கட்டிய சூப்பர்வைசரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

சட்டமும், நினைத்தோ நினையாமலோ, இதற்கே துணைபோகிறது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் ஈட்டிய சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அவருடைய ஊரிலேயே தாத்தா பிறந்த ஒரு சிங்கப்பூர்க் குடிமகன் அதே கோயில் கமிட்டிக்கு, அதே பள்ளி அறக்கட்டளைக்கு அனுப்பினால் வரும். வாங்குகிற அமைப்புக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் வேண்டும். ஒரு கிராமக் கமிட்டிக்கு இது ஆகிற காரியமா? சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்கென்று பொதுமக்களிடம் வசூலிக்கவும் அனுமதி வேண்டும்; திரட்டியதில் 80 விழுக்காட்டை அங்கேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. இந்த விதிகளுக்கெல்லாம் தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். சேர்ந்து நிற்கும்போது விளைவு ஒன்றுதான். தேக்காவில் கடை வைத்திருக்கும் மூன்றாம் தலைமுறைக் குடிமகனுக்குக் கொடுக்கும் வழி குறுகலாகவும், அவர் கடைக்கு வெளியே நிற்கும் பெர்மிட் தொழிலாளிக்கு அகலமாகவும் இருக்கிறது.

இனி, பணம் எங்கே போகிறது என்ற கேள்வி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தபோது, கடைமடைப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அடுத்த ஆண்டு பேராவூரணிப் பெரியகுளத்தை இளைஞர்களும் விவசாயிகளும் தாங்களே பணம் திரட்டித் தூர்வாரினார்கள். வெளியூர்ப் பணம் செய்யக்கூடிய நல்ல வேலைக்கு இப்படிப்பட்ட குளங்களையே பலரும் காட்டுவார்கள். குளம் எல்லோருக்கும் பொதுதானே என்று அதோடு விட்டுவிடவும் முடியாது. குளத்து நீர் நிலம் உள்ளவரின் வயலுக்குப் போகிறது. அந்த வயலில் கூலிக்கு நடும் பெண்ணுக்கு வேலை கிடைக்கும், உண்மை. ஆனால் தூர்வாரியதில் பெரும் ஆதாயம் அவளுக்கில்லை. கோயில் என்றால் கேட்கவே வேண்டாம். காலனியில் வாழும் தலித் குடும்பங்களிடம் வரி வாங்காத கோயில்கள் உண்டு. அது சலுகை அன்று. வரி வாங்கினால் மரியாதையும் தரவேண்டியிருக்கும் என்ற முன்யோசனை.

அரசு பங்கு சேர்க்கும்போது இந்த வேற்றுமை பெருகவும் கூடும். தமிழகத்தில் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு தரும். மெக்சிகோவில் இதைவிடத் தாராளமான திட்டம் ஒன்று 2002 முதல் நாடு முழுவதும் நடந்தது: அமெரிக்காவில் வேலை செய்யும் ஊர்ச்சங்கத்தார் ஒரு பெசோ போட்டால் நகராட்சியும் மாநிலமும் மத்திய அரசும் ஆளுக்கொரு பெசோ போடும். நல்ல யோசனை. ஆனால் ஆள் அனுப்ப வக்கில்லாத ஊருக்கு முதல் பெசோவை யார் போடுவது? ஒரே ஊருக்குள்ளும், டெஸ்ட் அடிக்கக் கடன் கிடைக்காத தெருவுக்கு இதே நிலைதான்.

எனவே பணம் போகும் இடத்தைத் தீர்மானிப்பது கோயில் கமிட்டியாக இருக்கும்வரை அறம் முழுமையாகாது. கிராமசபை என்று ஒன்று இருக்கிறது. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும். காலனியும் பெண்களும் உரிமையோடு உட்காரக்கூடிய கூட்டம் அது ஒன்றுதான். நடைமுறையில் அது பல இடங்களில் கையெழுத்துச் சடங்காக இருப்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் தேக்காவிலிருந்து போகும் பணத்துக்கு ஒரு நிபந்தனை வைக்கலாம் என்றால், கணக்கை அங்கே வாசியுங்கள் என்பதை வைக்கலாம். கொடுக்கிறவர் 'இன்னதைக் கட்டு' என்று கட்டளையிடுவதைவிட அது மேல். ஊரைவிட்டு வெகுநாளானவருக்கு ஊரின் தேவை பழைய நினைவாகத்தான் இருக்கும்.

அதற்கு முன்னால், பங்கு கேட்கும் முறையைத் திருத்த வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஊர் வழக்கத்திலேயே இடம் இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்குப் பாதி வரி, சில இடங்களில் வரியே இல்லை என்பது பழைய நடைமுறை. சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு வரி கேட்காத ஊர்களும் உண்டு. ஏஜென்ட் கடன் அடையும்வரை சிங்கப்பூர் போனவர் வீட்டுக்கும் தலைக்கட்டு வரி மட்டும் போதும், தனிப்பங்கு வேண்டாம் என்று அதே கூட்டத்தில் ஒரு வாசகம் சேர்த்து எழுதலாம். கும்பாபிஷேக வசூல் குறையும். பந்தலைச் சிறியதாகப் போட்டுக்கொள்ளலாம்.