சுமையறியா இரும்பு

சுங்கை பூலோ என்னும் மலாய்ப் பெயருக்கு மூங்கிலாறு என்று பொருள். அவ்வூரார் ஒருவர், பின்புறம் துடுப்புச் சக்கரம் கொண்ட நீராவிப் படகொன்றை 25இல் ஒரு பங்காகச் செய்து, குட்டையில் ஓடவிட முனைவதாகக் கொள்க. ஆழமற்ற ஆறுகளுக்கு ஏற்ற கலம் அது. மிசிசிப்பியிலும் ஐராவதியிலும் ஓடியது. மாதிரி எதற்கு உண்மையாக இருக்க வேண்டும், கண்ணுக்கா, நீருக்கா?

நீளம் 25இல் ஒன்றானால் எடை 15,625இல் ஒன்றாகும். 200 டன் படகு 12.8 கிலோவில் அடங்கிவிடும். வேகமோ ஐந்தில் ஒன்றாகவே குறைய வேண்டும். வில்லியம் ஃபிரவுட் 1872இல் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி அமைத்து, மாதிரிகளை இழுத்து ஆராய்ந்த விதி இது. ஆகவே நிமிடத்திற்கு 20 முறை சுழன்ற சக்கரம் இங்கு 100 முறை சுழன்றாக வேண்டும். நதிப் படகு இப்படியா பதறும் என்று பார்ப்பவர் நகைப்பர். மெல்லச் சுழலவிட்டால் கண் மகிழும், நீர் ஒப்பாது.

இதனினும் சங்கடமானது இழுகம்பி. மிசிசிப்பியின் மரப்படகுகளில் சக்கரத்தின் பளு பின்முனையைத் தாழ்த்தும். படகின் முதுகு வளைந்துவிடாதபடி, தூண்கள்மீது ஏறிச் சென்ற இரும்புக் கம்பிகள் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்தன. மாதிரியிலோ மரத்தின் விறைப்பே போதும். கம்பிக்கு வேலை இல்லை. (கூட்டத்திற்கே வராத செயலவை உறுப்பினரை நினைவூட்டும் இரும்பு!) அதை வைப்பது பொய்யா? நீக்கினாலோ, மூலப்படகு எதனால் முறியாதிருந்தது என்பதே மறைந்துபோகும்.

வைக்கலாம், தாங்குகிறது என்று மட்டும் சொல்லலாகாது. கேட்பவர் எதிரே கம்பியைத் தளர்த்திக் காட்டிவிட வேண்டும். படகு அப்போதும் ஓடும்.