மாத்திரையும் காப்பும்

ஆக்டோஃபோட்டோமீட்டர் பெட்டிக்குள் எலியை விட்டால், அது ஒளிக்கதிரைக் கடக்கும்போதெல்லாம் கவுண்டரில் ஓர் எண் கூடும். திருவள்ளூர் பக்கம் பார்மசி கல்லூரியில் மருந்தியல் நடத்திய காலத்தில் எலியை ஓடவைக்க எங்களுக்குக் காஃபீன்தான். ஆம்பெட்டமின் என்றால் 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம், உரிமம், பதிவேடு. அந்த வம்புக்கே போகவில்லை. பாடத்தில் மட்டும் உண்டு. ஆம்பெட்டமின் மூளையில் டோபமினைப் பொங்கவைக்கும், எலி ஓயாமல் ஓடும். நலோக்சோனோ நால்ட்ரெக்சோனோ கொடுத்தால் பல சோதனைகளில் அந்த ஓட்டம் தணிகிறது. எல்லாவற்றிலும் அல்ல, மருந்தின் அளவைப் பொறுத்து மாறும். வேடிக்கை என்னவென்றால், இவை அடைப்பது ஓபியம் போய் ஒட்டும் இடங்களை. ஆனால் மூளை தானே ஓபியம் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. 1975-ல் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் அபர்டீனில் கண்ட என்கெஃபலின் அப்படியொன்று. டோபமினுக்குப் பின்னாலிருந்து தள்ளும் கைகளில் அதுவும் ஒன்று.

மனிதர்களிடமும் பார்த்தார்கள். ஸ்வீடனில் ஆம்பெட்டமினுக்கு அடிமையான 80 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. நால்ட்ரெக்சோன் எடுத்தவர்களிடம் பழக்கம் குறைந்தது.

"மாத்திரையே ஆசையை அடக்கும்னா, அப்ப விரதம் எதுக்கு மேடம்?" என்றான் இதைக் கேட்ட என் பழைய மாணவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறான். அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்திருந்தான்.

எங்கள் வீடு சைவம். மனமும் புத்தியும் மாயையில் பிறந்த சடம் என்றே சித்தாந்தம் சொல்கிறது. சடத்தை மருந்து அசைப்பதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. என்னை யோசிக்கவைப்பது வேறு. எலிக்கு ஊசி போட்டது நான். மனிதன் தானே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நால்ட்ரெக்சோன் பெரும்பாலும் தோற்பது அங்கேதான்: பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் மாதம் ஒருமுறை போடும் ஊசி வந்தது. இன்று தெளிவாக இருக்கும்போதே நாளைய சபலத்துக்கு வழியடைப்பது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைத் தாண்டாததும் இதுதானே?

"காப்புக் கட்டணும்னு தோணுறதும் டோபமின்தான்னா?"

இருக்கலாம். அதனால் காப்பு அவிழ்ந்துவிடாது என்றேன். அவன் முகம் மாறவில்லை. பிறகுதான் சொன்னான்: குடிக்கிற அண்ணனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த நால்ட்ரெக்சோன் அட்டை பிரிக்காமலே கிடக்கிறதாம். சித்தாந்தத்தை அங்கேயே விட்டேன். அண்ணனே சம்மதித்து, தினமும் அண்ணி எதிரில் முழுங்கட்டும், டாக்டரிடம் ஊசியைப் பற்றியும் கேள் என்றேன். "சம்மதிக்கணுமே" என்றான்.